இழுபறியா, முட்டுக்கட்டையா? தோட்டச் சம்பளமும் மூன்று சொற்களும்

பெருந்தோட்டத் தொழிலாளரின் சம்பளம் பற்றிய செய்திகளுக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் இட்டு வந்துள்ள தலைப்புகளை அடுக்கிப் பார்த்தால், மூன்று சொற்கள் மாறி மாறி வருவதைக் காணலாம். ஒரு நாள் பேச்சுவார்த்தையில் ‘இழுபறி’ என்றிருக்கும். மறுநாள் சம்பள உயர்வுக்கு ‘முட்டுக்கட்டை’ என்றிருக்கும். இன்னொரு நாள் பேச்சு ‘முடக்கம்’ என்றிருக்கும். ஆங்கிலப் பத்திரிகை இந்த மூன்று இடத்திலும் ‘டெட்லொக்’ என்னும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடும். தமிழில் அவ்வாறு போய்விட முடியாது. இம்மூன்று சொற்களும் ஒரு பொருளைக் குறிப்பன போலத் தோன்றினாலும், நடந்தது என்ன, அதை நடத்தியவர் யார் என்பது பற்றி ஒவ்வொன்றும் வெவ்வேறு கதையைச் சொல்கிறது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, லுணுகலை தோட்டங்களில் நாட்சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்களைப் பொறுத்தவரை இது வெறும் சொல்லாராய்ச்சியல்ல.

முதலில் முட்டுக்கட்டையை எடுத்துக்கொள்வோம். ‘முட்டு’ தமிழின் பழஞ்சொற்களுள் ஒன்று. ஆடு முட்டுகிறது. புகையில் மூச்சு முட்டுகிறது. சாயும் சுவருக்கு முட்டுக் கொடுக்கிறோம். மோதுதல், தடைப்படுதல், தாங்குதல் ஆகிய மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. நான்காவது கிளையொன்றும் உண்டு. ‘முட்டுப்பாடு’ என்றால் தட்டுப்பாடு, வறுமை, கையில் காசில்லாத நிலை. ஒரு பேச்சுவார்த்தை முட்டி நிற்பதையும் ஒரு வீட்டில் அடுப்பெரிய வழியில்லாமல் இருப்பதையும் தமிழ் ஒரே வேரிலிருந்து பெயரிட்டு வைத்திருக்கிறது. அகராதி தொகுத்தவர்கள் தோட்டச் சம்பளத்தை நினைத்திருக்க மாட்டார்கள். பொருத்தம் என்னவோ தானாகவே அமைந்துவிட்டது.

தேரோடும் ஊர்களில் முட்டுக்கட்டை ஒரு வசைச்சொல் அல்ல. அது ஒரு தொழிற்கருவி. ஒரு முனை மெலிந்தும் மறுமுனை தடித்தும் ஆப்பு வடிவில் செதுக்கப்பட்ட கனத்த மரக்கட்டை அது. வடம் பிடிப்போர் தேருக்கு வெகு தூரம் முன்னால் நிற்பார்கள். அவர்களுக்குச் சக்கரம் தெரியாது. சக்கரத்தின் அருகிலேயே நடந்து வருபவர்தான் தேரின் வேகத்தையும் போக்கையும் கண்காணித்து, உரிய கணத்தில் கட்டையை இடுகிறார். தேர் விரைந்தால் அதைத் தணிக்கவும், வீதி முனையில் ஒரு பக்கச் சக்கரத்தைத் தடுத்து மறுபக்கத்தைத் திருப்பவும், நிலைக்கு வந்ததும் நிறுத்தவும் இக்கட்டையே பயன்படுகிறது. திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெருந்தேர்களில் இந்த வேலைக்கு நல்ல பயிற்சியும் மனத்திடமும் வேண்டும். கை எடுக்க ஒரு நொடி தாமதித்தால் கை இருக்காது.

மலைநாட்டில் தேர் ஆண்டுக்கொருமுறை தோட்டத்து அம்மன் திருவிழாவில்தான் புறப்படும். ஆனால் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது இங்கே அன்றாடக் காட்சி. பசறை வீதியிலோ அப்புத்தளை ஏற்றத்திலோ இயந்திரம் அணைந்து நிற்கும் லொறியிலிருந்து முதலில் குதிப்பவர், கட்டையையோ கருங்கல்லையோ கையில் எடுத்துக்கொண்டு பின்சக்கரத்துக்கு ஓடுவார். அங்கே கட்டை போட்டவரை ஒருவரும் ஏசுவதில்லை. கட்டை இல்லாவிட்டால் லொறி பள்ளத்தில் கிடக்கும்.

தேரிலும் சரி, லொறியிலும் சரி, முட்டுக்கட்டைக்கு இரண்டு இலக்கணங்கள் உண்டு. இட்டவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். அடுத்த நகர்வுக்கு முன் அதை அவரே எடுத்தும் விடுவார். அரசியல் பேச்சுக்குள் இச்சொல் நுழைந்தபோது கட்டையை இடுவது மட்டும் எஞ்சியது, எடுப்பது மறக்கப்பட்டது. இட்டவர் பெயரும் மெல்ல மெல்ல நழுவியது. ‘முட்டுக்கட்டை இடப்பட்டுள்ளது’ என்று செயப்பாட்டு வினையில் எழுதிவிட்டால், எவர் கை என்று சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு வேறு விதமானது. ‘டெட்லொக்’ என்பதற்கு அகராதிகள் காட்டும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, ஷெரிடன் என்னும் நாடகாசிரியர் 1779ஆம் ஆண்டில் அரங்கேற்றிய ‘த கிரிட்டிக்’ என்ற நையாண்டி நாடகத்தில் உள்ளது. அதில் ஒத்திகை பார்க்கப்படும் காட்சியொன்றில் பாத்திரங்கள் ஒருவர்மீது ஒருவர் வாளும் குத்துவாளும் நீட்டி நிற்கின்றனர். ஒருவர் குத்தினால் அவரை இன்னொருவர் குத்துவார். எனவே ஒருவரும் குத்தவில்லை. முதலில் கையை இறக்கவும் எவருக்கும் துணிவில்லை. அந்த இக்கட்டுக்குத்தான் நாடகத்துக்குள் வரும் நாடகாசிரியர் இப்பெயரைச் சூட்டுகிறார். பிறகு அரண்மனைக் காவலன் ஒருவன் வந்து, அரசியின் பெயரால் எல்லாரும் ஆயுதத்தைக் கீழே போடுங்கள் என்று ஆணையிட, முடிச்சு அவிழ்கிறது. வெளியிலிருந்து ஒருவன் அதிகாரத்தோடு வந்தாலன்றி அவிழாது என்பது அந்தச் சொல்லுடனேயே பிறந்த நகைச்சுவை. இந்தக் காவலனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மலையகத்துக்கு அவன் பின்னர் வருகிறான்.

அந்த மேடையில் நின்ற எல்லாருக்கும் ஆபத்து ஒன்றே என்பதும் கவனிக்கத்தக்கது. நமது ‘இழுபறி’ என்ற சொல்லும் இதே எண்ணத்தைத்தான் தருகிறது. இழுப்பதும் பறிப்பதும் சேர்ந்தது இழுபறி. இரண்டு பேர் வேண்டும்; இருவர் கையிலும் பிடி வேண்டும்; வலுவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் பலவீனராயின் இழுபறி நீடிக்காது, பறிப்பு மட்டுமே நிகழும். இதற்கு அடுத்த வீட்டில் ‘இழுத்தடிப்பு’ என்றொரு சொல் இருக்கிறது. அதற்கு ஒருவர் போதும். காலம் யாருக்குச் சாதகமோ அவர் இழுத்தடிப்பார், மற்றவர் காத்திருப்பார். தலைப்பில் எந்தச் சொல் வருகிறது என்பதைப் பொறுத்து, வாசிப்பவர் மனத்தில் நீதியின் தராசு எப்படி நிற்கிறது என்பதும் மாறிவிடுகிறது.

இனி நடந்தவற்றைப் பார்ப்போம்.

1992இல் அரச தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குப் பின்வந்த காலத்தில், இலங்கை முதலாளிமார் சம்மேளனத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே இரண்டாண்டுக்கொருமுறை செய்யப்படும் கூட்டு ஒப்பந்தமே நாட்சம்பளத்தைத் தீர்மானித்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கை தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கங்களின் கூட்டுக் கமிட்டி ஆகியன தொழிலாளர் சார்பில் ஒப்பமிட்டன. 2013ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் 450 ரூபா. வரவுக் கொடுப்பனவு முதலியன சேர்ந்து 620 ரூபா. அந்த ஒப்பந்தம் 2015 மார்ச் 31ஆம் திகதி காலாவதியானது. அடுத்தது ஒப்பமிடப்பட்டது 2016 ஒக்டோபர் 18ஆம் திகதி. இடையில் பதினெட்டு மாதங்களுக்கு மேல் கழிந்திருந்தன. ஆயிரம் ரூபா கேட்டுப் போன கோரிக்கை, 500 ரூபா அடிப்படைச் சம்பளத்தோடும் எல்லாம் சேர்ந்த 730 ரூபாவோடும் திரும்பி வந்தது.

இதற்குத்தான் ‘இழுபறி’ என்று பெயர். யார் எதை இழுத்தார்கள் என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய மொத்தத் தொகைக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு நாளொன்றுக்கு 110 ரூபா. மாதத்துக்கு 20 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், பதினெட்டு மாதத்துக்கு ஒரு தொழிலாளியின் கைக்கு வராமற்போனது 39,600 ரூபா. அந்தக் காலத்துக்குரிய நிலுவை வழங்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை தொழிலாளர் எதிர்பார்த்தபடி நிறைவேறவில்லை. பேச்சு நீண்ட ஒவ்வொரு மாதமும் மேசையின் ஒரு பக்கத்தில் செலவு மிச்சமாயிற்று. மறுபக்கத்தில் முட்டுப்பாடு ஏறிற்று. கடைத்தெருவையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். பண்டாரவளையிலும் வெலிமடையிலும் பதுளையிலும் தோட்டத்துக் குடும்பங்களுக்கு அரிசியும் மாவும் துணியும் கடனுக்குக் கொடுத்துவிட்டுச் சம்பள நாளைப் பார்த்திருப்பவர்களில் தமிழ் வணிகரும் உளர், முஸ்லிம் வணிகரும் உளர். கொழும்பில் பேச்சு ஒத்திவைக்கப்பட்டால், இங்கே கடன் கொப்பியில் ஒரு பக்கம் கூடும்.

கம்பனிகளின் பக்கத்திலும் வாதம் இல்லாமலில்லை. உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலிக்கே போகிறது, ஏலத்தில் தேயிலை விலை தம் கையில் இல்லை, வேலைத்திறனோடு கூலியை இணைக்க வேண்டும் என்று அவர்கள் தொடர்ந்து கூறி வந்தனர். அது ஆராயப்பட வேண்டிய வாதமே. ஆனால் வாதத்தின் தரம் வேறு, காத்திருப்பின் செலவு வேறு. காத்திருக்கும் செலவு ஒரு பக்கத்துக்கு மட்டுமே விழும் ஒன்றை இழுபறி என்பது எமக்குச் சரியாகப் படவில்லை.

2018இல் மீண்டும் அதே கதை. ஒப்பந்தம் முடிவடைந்த அந்த ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்புடை அணிந்து காலிமுகத்திடலில் திரண்டனர். அடிப்படைச் சம்பளமே ஆயிரம் ரூபாவாக வேண்டும் என்பது அவர்களின் குரல். டிசம்பரில் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. 2019 ஜனவரியில் 700 ரூபா அடிப்படைச் சம்பளமும் 50 ரூபா விலைப்பங்குக் கொடுப்பனவும் என்று ஒப்பமாயிற்று. வரவுக் கொடுப்பனவும் உற்பத்தித்திறன் கொடுப்பனவும் நீக்கப்பட்டன. 730 ரூபா பெற்றவர் 750 ரூபாவுக்கு வந்தார்.

இந்தக் காலம் முழுவதும் பேச்சு சிக்கி நின்ற இடம் ‘அடிப்படை’, ‘மொத்தம்’ என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சொற்பிடிவாதமாகத் தோன்றலாம். தொழிலாளிக்கு அப்படியல்ல. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தும் 12 சதவீதமும் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதமும் இவ்வொப்பந்தங்களில் அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணிக்கப்பட்டன. 500 ரூபாவுக்கு அது 75 ரூபா. 700 ரூபாவுக்கு 105 ரூபா. மொத்தத்தில் எவ்வளவு காட்டினாலும், முதுமைக்குச் சேர்வது அடிப்படையைப் பொறுத்தது.

சொல்லில் சிக்கிய பேச்சுவார்த்தைக்கு முஸ்லிம் வாசகர்கள் நன்கறிந்த சான்றொன்று உண்டு. ஹிஜ்ரி ஆறாம் ஆண்டில், அதாவது கி.பி. 628இல், உம்ராவுக்காகப் புறப்பட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையும் தோழர்களையும் குறைஷியர் மக்காவுக்குள் விட மறுத்தனர். ஹுதைபிய்யாவில் தூதுவர் மாறித் தூதுவர் வந்து போயினர். இறுதியில் சுஹைல் பின் அம்ர் உடன்படிக்கை எழுத வந்தபோது, தலைப்பு வாசகத்தையும் ‘அல்லாஹ்வின் தூதர்’ என்ற சொற்களையும் ஏற்க மறுத்தார். எழுதிக்கொண்டிருந்த அலீ (ரலி) அவர்களுக்கு அவற்றை அழிக்க மனம் வரவில்லை. நபியவர்களோ அச்சொற்கள் நீக்கப்படுவதற்கு இணங்கி, ‘அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத்’ என்று எழுதச் செய்தார்கள். அந்த ஆண்டு திரும்பிச் சென்று மறு ஆண்டு வர வேண்டும் என்பதும் ஏற்கப்பட்டது. விட்டுக்கொடுக்கப்பட்டது சொல், காக்கப்பட்டது உள்ளடக்கம். ‘சுல்ஹு’ எனப்படும் அந்தச் சமாதானம் பின்னர் என்ன விளைத்தது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அரபு மொழியிலிருந்து பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்த இரண்டு சொற்களையும் இங்கே நினைவுகூரலாம். நாம் சச்சரவு என்ற பொருளில் வழங்கும் ‘தகராறு’, அரபியில் ‘தக்ரார்’. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுதல் என்பது அதன் பொருள். ‘ராஜி’ என்பது மனநிறைவோடு இசைதல். ‘ராஜினாமா’கூட முதலில் இணக்கம் தெரிவிக்கும் பத்திரம்தான், பதவி துறக்கும் கடிதமானது பின்னால். சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பதுதான் தகராறு என்றால், சம்பளப் பேச்சின் பல சுற்றுகளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

இப்போது ஷெரிடனின் காவலன் வருகிறான். ஆயிரம் ரூபா வழங்கப்படும் என்று 2020 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது. கம்பனிகள் இணங்கவில்லை. விடயம் 1941ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த சம்பள நிர்ணய சபைக்குப் போயிற்று. அங்கே முதலாளிமாரின் எதிர்ப்புக்கிடையே வாக்கெடுப்பில் முடிவு எடுக்கப்பட்டு, 2021 மார்ச்சில் 900 ரூபா அடிப்படைச் சம்பளமும் 100 ரூபா கொடுப்பனவும் வர்த்தமானியில் வெளிவந்தன. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகின. 2024இல் மேதினத்தை ஒட்டி 1700 ரூபா அறிவிக்கப்பட்டது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1350 ரூபா வர்த்தமானியில் வந்தது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், கம்பனிகள் தரும் தொகையை 1550 ரூபாவாக்கி, வரவுக்காக 200 ரூபாவை அரசே சேர்த்து 1750 ரூபா வழங்க முன்மொழிந்தது. ஷெரிடனின் காவலன் ஆணை மட்டுமே இட்டான். இங்கே காவலன் தன் பையிலிருந்தும் காசு எடுத்து வைக்கிறான்.

ஆனால் வாளைக் கீழே போடச் சொல்வது எளிது. பிறகு என்ன நடக்கிறது என்பதைத் தோட்டத்தில்தான் பார்க்க வேண்டும். 2021இன் பின் பல தோட்டங்களில் ஒரு ‘பேர்’ பெறுவதற்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு உயர்த்தப்பட்டது. அளவு எட்டாவிட்டால் ‘அரைப்பேர்’. வேலை நாட்களும் குறைக்கப்பட்டதாகத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. ஹுதைபிய்யாவில் நடந்ததன் தலைகீழ் இது. ‘ஆயிரம்’ என்ற சொல் கொடுக்கப்பட்டது. உள்ளடக்கம் கிலோக் கணக்கில் திரும்ப எடுக்கப்பட்டது.

ஊவாவுக்கு இது இரட்டை அடி. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றில் செடி வாடி, கொழுந்து சுருங்கும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் அந்தத் தனி மணமும் அக்காற்றினால்தான் வருகிறது. தேயிலை அதிக விலை போகும் பருவமும் கூடையில் கிலோ சேராத பருவமும் ஒன்றே. வருடம் முழுவதற்கும் ஒரே கிலோ அளவை வைத்தால், நாமுனுகுலைச் சரிவில் ஓகஸ்ட் மாதம் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அரைப்பேர் விழுவதற்கு அவளுடைய சோம்பல் காரணமாகாது. இது எந்த வர்த்தமானியிலும் இடம்பெறும் விடயமல்ல. தோட்டத்தையும் மலையையும் பருவத்தையும் அறிந்தவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியது.

அவ்வாறு பேசிய வரலாறு பதுளைக்கு உண்டு. 1940இல் லங்கா சமசமாஜக் கட்சியினரின் தொழிற்சங்கம் ஊவாவில் பரவியபோது, பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் தமக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அந்தச் சபையைக் கலந்தே நிருவாகம் செய்வதாகத் துரை இணங்கினார் என்று அக்கட்சியின் வரலாற்றுப் பதிவுகள் கூறுகின்றன. அடக்க வந்த பொலிஸாரின் துப்பாக்கிகளைத் தொழிலாளர்கள் பறித்துக்கொண்டனர் என்றும் அவை சொல்கின்றன. அந்தக் கணத்தில் இரு பக்கமும் பிடி இருந்தது. அதை இழுபறி என்று எழுதினால் தகும். அது நீடிக்கவில்லை. பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்த பெருவெள்ளமும் அந்த அலையை முடித்துவைத்தன.

மூன்றாவது சொல்லான ‘முடக்கம்’ பற்றிச் சொல்ல அதிகமில்லை. முடங்குதல் தானாக நேர்வது. கால் முடங்கும், தொழில் முடங்கும். அதில் எழுவாய்க்கு வெளியே ஒருவர் தேவையில்லை. பேச்சு முடங்கியது என்று எழுதினால் அது வயோதிகத்தால் படுத்துவிட்டதைப் போலிருக்கிறது. முட்டுக்கட்டை என்ற சொல்லிலாவது ஒரு கை இருக்கிறது; யாருடையது என்று கேட்க இடமிருக்கிறது. ஆதலால் மூன்றில் எமது தெரிவு அதுவே, இட்டவர் பெயரையும் சேர்த்து எழுதுவதாயின்.

சம்பளத் தொகை இப்போது சம்பள நிர்ணய சபை வழியாகவும் வரவு செலவுத் திட்டத்தின் வழியாகவும் நகர்கிறது. தலைப்புகளும் அதோடு நகர்கின்றன. ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்ற கேள்வி தோட்டத்துக்குத் தோட்டம் வேறு விடையோடு, காலையில் பிரட்டுக்களத்திலும் மாலையில் தராசடியிலும் தீர்மானமாகிறது. இரு தரப்பும் அதைப் பேசுவதற்கு இடமளித்து வந்தது, 2021இல் கம்பனிகள் விலகிச் சென்ற அந்தக் கூட்டு ஒப்பந்தம்தான்.